ஜெனவீவ் விழவில்லை

ஜனவரி 8, திங்கள்

இன்று ரேடியேசன் தொடங்கியது. ஐந்து கிழமைகள், சனி ஞாயிறு தவிர எல்லா நாளும், மொத்தம் இருபத்தைந்து தரம். படுக்கவைத்து, கைகளைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் அறையை விட்டு ஓடிவிடுகிறார்கள். மெஷின் மட்டும் என்னைச் சுற்றி வந்து முனகுகிறது. வலி இல்லை, குளிர்தான். இரண்டு சோடி காலுறை போட்டுப் போயிருக்கலாம்.

தினமும் லீவு போட்டுக் கூட்டிப்போகிறேன் என்று மகள் தர்ஷிகா நின்றாள். வேண்டாம் என்றேன். புற்றுநோயாளிகளை ஏற்றி இறக்கத் தொண்டர்கள் ஓட்டும் வான் இருக்கிறது. எங்கள் வானை ஓட்டுவது கிளாரிஸ் என்ற ட்ரினிடாட்காரி. ஸ்காபரோவில் ஒரு குழி விடாமல் விழுத்தி எடுக்கிறாள்.

வானில் எனக்கு முன்பே ஒரு தமிழர் ஏறியிருந்தார். கழுத்தைச் சுற்றி மப்ளர், தடித்த கண்ணாடி.

“சற்குணநாதன்,” என்றார். “தொண்டையில.”

“பவளராணி,” என்றேன். “நெஞ்சில.”

அதோடு அறிமுகம் முடிந்தது.

ஜனவரி 10, புதன்

இதை எழுதியே ஆகவேண்டும்.

வழியில் ஒரு ஐஸ் அரங்கைக் கடந்தோம். சின்னப் பிள்ளைகள் ஸ்கேட்டிங் சப்பாத்துகளைத் தோளில் போட்டபடி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சற்குணநாதன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் பழகுகிறார்களோ என்று கேட்டேன். இல்லையாம். பிறகு அவர், “முந்தி வீடியோ சற்குணம் எண்டு ஒரு ஆள் இருந்தது, கேள்விப்பட்டிருக்கிறீங்களோ? அது நான்தான்,” என்றார்.

கேள்விப்படாமல் என்ன. தர்ஷிகா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டை வீடியோ எடுத்தவரே அவர்தான். அந்த வீடியோவின் நடுவில், மாமிமார் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வரும் இடத்தில், திடீரென்று படம் மாறும். சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் ஐஸில் பாய்ந்து வருவாள், சுழலுவாள், கும்பிடுவாள். அது முடிய மறுபடியும் மாமிமார். தர்ஷிகா ஒரு கிழமை அழுதாள். இவர் (என் மனுசன், அப்போது உயிரோடு இருந்தார்) சண்டைக்குப் போக வெளிக்கிட்டார். நான்தான் மறித்தேன்.

இதைச் சொன்னதும் சற்குணநாதனின் காது சிவந்துவிட்டது.

“கசெட் மாறிப்போச்சு தங்கச்சி. வீட்டில ஸ்கேட்டிங் பதியிற கசெட். அது வந்து, ஜெனவீவ்...”

“ஜெனவீவ் லாமோ,” என்றேன். “கியூபெக்காரி. எனக்குத் தெரியும். கடைசிப் பாய்ச்சலில கால் ஊன்றேக்க ஒருக்கா ஆடினவா.”

அவர் என்னை முழுதாகத் திரும்பிப் பார்த்தார். இரண்டு நாளில் அதுதான் முதல் தடவை.

“ஆடேல்லை,” என்றார்.

“ஆடினவா. அந்த வீடியோவை நான் எத்தினை தரம் பாத்திருப்பன்.”

“சாமத்திய வீட்டையோ?”

“சாமத்திய வீட்டை ஆர் பாத்தது.”

கிளாரிஸ் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, என்ன நடந்தது, ஏன் இருவரும் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

சற்குணநாதனுக்கு ஏழு கிழமை. எனக்குப் பிறகும் போக வேண்டும். முகத்துக்கு வலை போன்ற ஒரு மூடியை மாட்டி மேசையோடு பூட்டுகிறார்களாம். கல்கரியில் ஒரு மகன். மனைவி போய் ஆறு வருசம். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

இன்று முழுவதும் நாங்கள் எப்படி இந்தப் பைத்தியத்தில் விழுந்தோம் என்ற கதை. நான் கனடா வந்தது ஒரு மாரியில். நிலக்கீழ் அறை, ஒரு சின்ன யன்னல், அதற்கு வெளியே பனி. இவர் இரண்டு வேலை. எனக்கு ஆங்கிலம் ஓடாது. தொலைக்காட்சியில் செய்தி பார்த்தால் பயமாக இருக்கும். நகைச்சுவை பார்த்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாது. ஸ்கேட்டிங்குக்கு மட்டும் மொழி தேவைப்படவில்லை. ஒருத்தி வருவாள், ஆடுவாள், ஓரத்தில் கிடக்கும் வாங்கில் உட்கார்ந்து அழுவாள், எண்கள் விழும். ஐந்து தசம் எட்டு என்றால் எல்லா ஊரிலும் அதேதான். அப்படித்தான் இரீனா சவெலியேவாவைக் கண்டுபிடித்தேன். ரஷ்யாக்காரி. ஒடிசலான உடம்பு. அவள் கையை நீட்டினால் விரல் நுனிக்கு அப்பாலும் கை போய்க்கொண்டிருப்பது போலிருக்கும்.

சற்குணநாதன் வேறு மாதிரி. அவர் கமெராவைப் பார்த்தாராம். ஸ்கேட்டிங்கைப் படம்பிடிப்பவர்கள் முகத்தை விட்டுவிட்டுக் காலைத்தான் பின்தொடர்வார்கள், அதைப் பார்த்துத்தான் அவர் தொழில் பழகினார். இந்த ஊரின் பழைய கல்யாண வீடியோக்களில் மாப்பிள்ளையின் கால் மட்டும் வெகுநேரம் தெரிவது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். தர்ஷிகா விடியவே பொங்கி முடித்துவிட்டாள். ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். கிளாரிஸ் சிக்னலில் நின்றபோது கரண்டியால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். சற்குணநாதன் ஒரு வாய் வைத்துவிட்டு மூடிவைத்தார்.

“கோவிக்கக் கூடாது. கடதாசியைத் தின்னுற மாதிரி இருக்கு. எல்லாச் சாப்பாடும் அப்பிடித்தான்.”

குரல் கரகரக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரி வரும்வரை இரீனாவை ஒரு பிடி பிடித்தார். அவள் கையை ஆட்டியே பதக்கம் வாங்கினாளாம், பாயத் தெரியாதாம். நானும் விடவில்லை. உங்கள் ஜெனவீவ் பாய்ந்து பாய்ந்து நாலு முறை இரண்டாம் இடம்தானே எடுத்தாள், ஒருமுறை கையை ஆட்டிப் பார்த்திருக்கலாமே என்றேன்.

“வெள்ளி எண்டா லேசோ?” என்றார். “நாலு தரமும் பக்கத்தில ஒருத்தி தங்கத்தோட நிண்டு சிரிக்கேக்க, தானும் சிரிச்சுக்கொண்டு நிக்கிறது லேசோ?”

அவர் மூடிவைத்த டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தேன். வெளியில் நல்ல பனி.

ஜனவரி 23, செவ்வாய்

பேசினால் தொண்டை வெட்டுகிறதாம். டொக்டர் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டார். சற்குணநாதன் இப்போது விரல்களால் புள்ளி போடுகிறார். ஒரு கை ஐந்து, பிறகு சற்று நிறுத்தி மற்ற எண். பழைய முறைப்படி ஆறுதான் உச்சம். பிறகு வந்த புது முறையில் நூறு, இருநூறு என்று போகும். அதை நாங்கள் இருவருமே ஏற்றுக்கொள்வதில்லை.

கிளாரிஸ் வானை நிறுத்திய விதத்துக்கு மூன்று தசம் ஒன்று. என் புதுத் தொப்பிக்கு ஐந்து தசம் நான்கு. ஆஸ்பத்திரிக் கோப்பிக்கு விரலே நீட்டவில்லை, முஷ்டியை மட்டும் காட்டினார். கிளாரிஸுக்கு விசயம் விளங்கியதும் அவள் சீட்டிலிருந்து திரும்பி, தொழில்நுட்பத்துக்கு அவ்வளவு என்றால் கலைக்கு எவ்வளவு என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு ஐந்து தசம் ஒன்பது போட்டார். அன்றிலிருந்து அவள் திருப்பங்களில் பாடுகிறாள்.

ஜனவரி 29, திங்கள்

தோல் வெந்து கறுத்துவிட்டது. சட்டை பட்டால் எரிகிறது. மாடிப்படி ஏறிவிட்டு உட்கார்ந்தேன், எழும்ப மனம் வரவில்லை.

தர்ஷிகா தேத்தண்ணியோடு வந்து, “அம்மா, நீங்கள் பாக்கிற ஸ்கேட்டிங் ஆக்கள் மாதிரித்தான். விழுந்தா எழும்பி ஆடவேணும்,” என்றாள். நல்ல பிள்ளை. ஆனால் எங்களைப் போன்ற வருத்தக்காரருக்கு எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஸ்கேட்டிங்காரர் விழுவதைப் பார்க்க நான் தொலைக்காட்சி முன் உட்காரவில்லை. சட்டைகளைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். இரீனாவின் சாம்பல் நிறச் சட்டையில் முதுகுப்பக்கம் மட்டும் ஆயிரம் மணி தைத்திருக்கும்.

பெப்ரவரி 1, வியாழன்

இப்போது வானில் நான்தான் பேசுகிறேன். இன்று திபோர் என்ற ஹங்கேரிக்காரனின் கதை. சுழன்றுகொண்டிருக்கும்போது காற்சட்டையின் தோள்வார் அறுந்துவிட, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே மிச்ச ஆட்டத்தை முடித்தவன். நடுவர்கள் சிரித்துச் சிரித்துக் கலைப் புள்ளியைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள். சற்குணநாதனின் தோள்கள் குலுங்கின. பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கவைக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இந்தக் கதைகளை எல்லாம் காலையில் கம்பியூட்டரில் தேடிச் சரிபார்த்துவிட்டுத்தான் போகிறேன். அவருக்காக அல்ல. எனக்கே மறந்துபோய்விட்டது.

மெலிந்துவிட்டார். மப்ளர் இன்னும் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறது.

பெப்ரவரி 5, திங்கள்

சற்குணநாதன் வரவில்லை. தடிமன் காய்ச்சலாக இருக்கும்.

பெப்ரவரி 6, செவ்வாய்

இன்றும் இல்லை. கிளாரிஸ் பாடவில்லை. திரும்பி வரும்போது, உன்னிடம் இதைச் சொல்லக்கூடாது என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். இனி வரமாட்டேன் என்று ஆஸ்பத்திரிக்கு அறிவித்துவிட்டாராம். தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. வயிற்றுக்குள் குழாய் வைத்து உணவு கொடுக்கலாம் என்றதற்கும் மாட்டேன் என்றுவிட்டார். நடுவில் விட்டால் இவ்வளவு நாள் பட்ட பாடும் வீண் என்று நேர்ஸ் கெஞ்சினாளாம். கல்கரியில் இருந்து மகன் அடித்தாலும் போனைத் தூக்குவதில்லை.

எனக்கென்ன, வானில் இடம் தாராளமாக இருக்கிறது என்றேன்.

சோறு இறங்கவில்லை.

பெப்ரவரி 7, புதன்

மத்தியானம் அவருக்குப் போன் அடித்தேன். மணி வெகுநேரம் அடித்தது. பிறகு தூக்கும் சத்தம். பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

“பவளம் கதைக்கிறன். நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். பழைய சங்கதி ஒண்டு ஞாபகம் வந்தது, அதைச் சொல்லத்தான் எடுத்தனான். பிராக் நகரத்தில நடந்த உலகப் போட்டி இருக்கெல்லோ, ஜெனவீவ் கடைசியா வந்து ஆடினது. கறுப்புச் சட்டையோட.”

போனில் விரலால் தட்டும் சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை.

“முதல் பாய்ச்சல் நல்லாத்தான் இருந்தது. ரெண்டாவதில விழுந்தவா. இடுப்பு அடிபட விழுந்தவா. எழும்பவும் நல்ல நேரம் எடுத்தது. அதாலதான் அந்த முறையும் வெள்ளி. பாவம்.”

தட்டும் சத்தம் வலுத்தது. பிறகு, பழந்துணியைக் கிழிப்பது போல ஒரு குரல்.

“விழேல்லை.”

“விழுந்தவா. நான் கண்ணால பாத்தனான்.”

“விழேல்லை. பச்சை... பச்சைச் சட்டை.”

“கறுப்பு. எனக்கு நல்லா ஞாபகம். விழுந்து, சட்டையெல்லாம் ஐஸ் தூள்.”

இருமினார். நெடுநேரம் இருமினார். ஆனாலும் சொன்னேன்:

“போனில உங்கட குரல் எனக்கு விளங்கேல்லை. மறுக்கிறதெண்டா நாளைக்கு வானில வந்து மறுங்கோ. வராட்டி விழுந்தது விழுந்ததுதான். நான் கிளாரிஸுக்கும் சொல்லிப்போடுவன்.”

வைத்துவிட்டேன்.

வயது போனால் நினைவு குழம்பத்தான் செய்யும்.

பெப்ரவரி 8, வியாழன்

சற்குணநாதனின் வீட்டு வாசலில் கிளாரிஸ் வானை நிறுத்தினாள். கதவு மூடியே இருந்தது. அவள் ஹோர்ன் அடிக்கவில்லை, நானும் அடிக்கச் சொல்லவில்லை. ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

கதவு திறந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. ஏறி உட்கார்ந்ததும் ஒரு வணக்கம்கூட இல்லாமல் போனை என் கையில் திணித்தார். அதில் பிராக் போட்டி தயாராக இருந்தது.

பச்சைச் சட்டைதான். முதல் பாய்ச்சல். இரண்டாவது பாய்ச்சலில் அவள் காற்றில் சற்றுச் சரிந்தாள், ஐஸைத் தொட்ட கால் நடுங்கியது, ஆனால் நிமிர்ந்துவிட்டாள். மூன்றாவதில் ஊசியைக் குத்தியது போல நின்றாள். முடிவில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். கிளாரிஸ் தானும் பார்க்க வேண்டுமென்று வானை ஓரங்கட்டினாள். மூவருமாகப் பார்த்ததில் ஆஸ்பத்திரிக்குப் பிந்திவிட்டோம்.

“விழேல்லைத்தான்,” என்றேன். “என்ர பிழை.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை. உங்களுக்கு முந்தியே தெரியும் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். வாயசைவை வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. நான் வெளியே பார்த்தேன். வீதியில் உப்புத் தூவும் லொறி ஒன்று போய்க்கொண்டிருந்தது.

குழாய் வைக்கச் சம்மதித்துவிட்டாராம். நேர்ஸ் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை.

பெப்ரவரி 9, வெள்ளி

என் ரேடியேசன் முடிந்தது. தர்ஷிகா பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். சிகிச்சை முடிந்தவர்கள் அடிப்பதற்கென்று சுவரில் மாட்டியிருக்கும் மணியை அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். சற்குணநாதன் நாற்காலியில் இருந்தபடியே ஐந்து தசம் ஒன்பது போட்டார். குறைந்த அந்த ஒன்று எதற்கு என்று கேட்டேன். மணிக்கயிற்றைப் பிடித்த கையைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். இரீனாவாக இருந்தால் நளினமாக அடித்திருப்பாள் என்று பொருள். என் ஆளை வைத்தே எனக்கு அடி.

பெப்ரவரி 13, செவ்வாய்

நேற்றும் இன்றும் வானில் போனேன். தோலுக்குப் பூசும் களிம்பைப் பற்றி நேர்ஸிடம் கேட்க வேண்டியிருந்தது.

பெப்ரவரி 20, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கன்ரீனில் பருப்பு சூப் நன்றாக இருக்கிறது. வீட்டில் அந்தப் பதம் வருவதில்லை. மற்றும்படி, சும்மா வீட்டில் இருந்து என்ன செய்வது. கிளாரிஸ் தன் பட்டியலில் என் பெயருக்கு நேரே ‘உதவியாளர்’ என்று போட்டுக்கொண்டாள்.

இன்று இரீனாவின் கடைசிக் காலத்தைச் சொன்னேன். பயிற்சியாளரைக் கல்யாணம் முடித்து, முழங்கால் போய், ஒரு மிதக்கும் ஹோட்டலில் சின்ன ஐஸ் மேடையில் ஆடியது. இப்போது எங்கோ பிள்ளைகளுக்குப் பழக்குகிறாள். சற்குணநாதன் கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டார் என்று நிறுத்தினேன். ஒரு விரலைச் சுழற்றினார், மேலே சொல் என்று.

பெப்ரவரி 26, திங்கள்

அவருக்கும் முடிந்தது. மணியை அடிக்க மாட்டேன் என்றார். கிளாரிஸ் அவருடைய கையைப் பிடித்து அடிக்கவைத்தாள். தினமும் மாட்டிய அந்த வலை முகமூடியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வழியில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து ஏறினார்.

இனி வான் இல்லை. துணி துவைத்தேன். மேல் தட்டைத் துடைத்தேன். வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

சற்குணநாதன் ஒரு விளம்பரப் படம் அனுப்பியிருந்தார். ஓஷவாவில் சிறுவர் ஆஸ்பத்திரி ஒன்றுக்காக ஸ்கேட்டிங் நிகழ்ச்சி, ஏப்ரல் இருபது. இளம் வீரர்களோடு பழையவர்களில் ஒருத்தி மட்டும்: ஜெனவீவ் லாமோ. ஐம்பத்தைந்து வயது. பூத்தோட்டம் வைத்திருக்கிறாளாம்.

“உங்கட ஆள் வரேல்லையே அம்மா,” என்றாள் தர்ஷிகா. “பிறகேன் போறீங்கள்?”

ஐஸ் பார்க்க என்றேன். வீட்டுக்கு வெளியே ஒரு மாதமாகக் கிடக்கிறதே என்று மருமகன் சொன்னார். அவருக்கு நான் பதில் சொல்வதில்லை.

ஏப்ரல் 20, சனி

நீலச் சேலை கட்டி, மேலே குளிர்ச் சட்டை. கிளாரிஸ்தான் தன் சொந்தக் காரில் ஏற்றிப்போனாள். சற்குணநாதனின் புதுச் சட்டை கொக்கியில் தொங்குவது போல் தொங்கியது, ஆனால் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறியிருந்தது. கஞ்சி குடிக்கிறாராம். குரல் இன்னும் இல்லை. காதருகே வந்தால் காற்றுப் போல் கொஞ்சம் கேட்கும்.

அரங்கம் நிறைய இளம் பிள்ளைகள். எல்லோரும் கடைசியாக வரப்போகும் இந்த வருசச் சாம்பியனுக்காகக் காத்திருந்தார்கள். ஜெனவீவின் பெயரை அறிவித்தபோது மெல்லிய கைதட்டல். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் பொரித்த உருளைக்கிழங்கு வாங்க எழுந்து போனார்கள்.

அவள் வந்தாள். நரை முடி, கட்டையாக வெட்டியிருந்தாள். சாதாரணக் கறுப்புக் காற்சட்டை. இடுப்பு கனத்திருந்தது. அந்தப் பெரிய ஐஸில் வேகமே எடுக்காமல் ஒரு வட்டம் வந்தாள். பிறகு ஒன்று பாய்ந்தாள். ஒரே ஒரு சுற்று, எட்டு வயதுப் பிள்ளைகள் செய்வது. ஆனால் காலை ஊன்றிய பிறகு பின்பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தாள், இசை அவளுக்காக நிற்பது போல. முப்பது வருசம் நான் அவளுடைய பாய்ச்சலோடு சண்டை பிடித்திருக்கிறேன். அவளுடைய கைகளை இன்றுதான் பார்த்தேன். அழகான கைகள்.

இசை நின்றது. சற்குணநாதன் எழுந்துவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். கழுத்து நரம்புகள் புடைத்தன. ஒன்றும் வரவில்லை. மறுபடியும் முயன்றார். அவள் தலைகுனிந்து மறுபக்கம் கும்பிட்டுவிட்டு, வெளியே போகும் வாசலை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

நான் சபையில் குரல் உயர்த்தாதவள். தேருக்குப் போனாலும் அரோகராவை வாய்க்குள்தான் சொல்வேன். என்ன வந்ததென்று தெரியவில்லை. எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து, “ஜெனவீவ்,” என்று கத்தினேன். முன்வரிசைகள் எல்லாம் திரும்பின. இன்னும் ஒருமுறை கத்தினேன். “ஜெனவீவ், இஞ்சால பார்.” தமிழில்தான் வந்தது. என் பக்கத்தில் கிளாரிஸும் சேர்ந்துகொண்டாள். அவளுக்குச் சொல்லவா வேண்டும், அரங்கமே அதிர்ந்தது.

ஜெனவீவ் வாசலில் நின்றாள். எங்கிருந்து சத்தம் என்று தேடினாள். பிறகு ஐஸைக் கடந்து நேரே எங்கள் பக்கம் வந்தாள். எலும்பும் தோலுமாய் நிற்கும் இந்த மனிதரையும் நீலச் சேலையில் நிற்கும் என்னையும் அண்ணாந்து பார்த்தாள். நெஞ்சில் கைவைத்து, அவருக்கென்றே தாழக் குனிந்தாள். பின்னாலிருந்த பிள்ளைகள் என்னவென்று தெரியாமலே எழுந்து தட்டத் தொடங்கினார்கள். எழுந்தவர்கள் உட்காரவேயில்லை.

சற்குணநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் காதருகே குனிந்தார்.

“இரீனாவுக்கு இப்பிடிக் கத்தியிருக்கிறீங்களோ?”

“அவவுக்கு ஆரும் கத்தத் தேவையில்லை,” என்றேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

விடிய எழும்பினால் என் குரலைக் காணவில்லை. தர்ஷிகா இஞ்சி அவித்துத் தந்தாள். யாருக்காகக் கத்தினீர்கள் என்று கேட்டாள். பொதுவாகக் கத்தினேன் என்று கையால் காட்டினேன்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. சமையலறையில் நான் மட்டும். எடுத்தேன். அந்தப் பக்கம் காற்று. இந்தப் பக்கமும் காற்று. இரண்டு பேரும் மாறி மாறி உஸ் உஸ் என்று பேசினோம். ஜூனில் ஒட்டாவாவில் பழையவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஆடுகிறார்களாம், ரயிலில் போகலாமாம். யன்னலோர இருக்கை எனக்கு வேண்டும் என்றேன். தனக்கும் அதுதான் வேண்டுமாம். அதைப் பற்றிக் கொஞ்சம் சண்டை பிடித்தோம்.

தர்ஷிகா படியிறங்கி வந்து, “ஆரம்மா போனில?” என்றாள்.

பிழையான நம்பர் என்றேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்திருந்தது.